ஏரிக்குள் பஸ் ஸ்டாண்டு



போன மாதம் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நீர்ச் சுழற்சிப் படத்தை அம்புக்குறி பிசகாமல் வரைந்து வைத்திருந்தார்கள். கடல், மேகம், மலை, மழை எல்லாம் இருந்தன. “உங்க ஊர் ஏரி இதுல எங்கே?” என்று கேட்டேன். வகுப்பு கப்சிப். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் மெல்ல எழுந்தான். “ஏரியிலதான் சார் பஸ் ஸ்டாண்டு இருக்கு.”

அப்புறம் நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஏரி போனதால் மழைத் தண்ணீர் தெருவுக்குள் வருகிறது. கிணறு வற்றிவிட்டது. ஒரு வீட்டில் போர் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அதைவிட ஆழமாகப் போட்டார். இப்போது இரண்டு வீட்டுக்கும் லாரித் தண்ணீர்தான். “லாரி எட்டரைக்குத்தான் சார் வரும். அதனாலதான் நான் தினம் லேட்டு” என்றாள் ஒரு சிறுமி. வகுப்பாசிரியை வருகைப் பதிவேட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஒன்று இன்னொன்றை எப்படி இழுக்கிறது என்று பார்க்கும் இந்தப் பழக்கத்தை ‘அமைப்புச் சிந்தனை’ என்கிறார்கள். எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1950களில் கணக்கும் கணினியுமாக வளர்த்த துறை அதன் ஒரு வேர். 1980களின் கடைசியில் அது அமெரிக்கப் பள்ளிகளுக்குள்ளும் நுழைந்தது. ஆனால் அந்த வகுப்பில் எனக்கு நினைவுக்கு வந்தவர் டானிலோ டோல்ச்சி.

இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோவுக்கு மேற்கே ட்ராப்பெத்தோ என்ற மீனவ கிராமத்துக்கு 1952இல் வந்தவர் அவர். அந்த ஆண்டே பசியால் ஒரு குழந்தை இறந்ததைப் பார்த்து உண்ணாவிரதம் இருந்தார். ‘சிசிலியின் காந்தி’ என்றார்கள். எனக்கு அந்தப் பட்டத்தைவிட அவர் கூட்டிய கூட்டங்கள்தான் பெரிது. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகளை வட்டமாக உட்கார வைத்து, கேள்வியை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பார். ஏன் பசி? வேலை இல்லை. ஏன் வேலை இல்லை? கோடையில் நிலம் காய்கிறது. தண்ணீர்? கிணறுகள் மாஃபியா கையில். மழைக்காலத்து ஆறோ வீணாகக் கடலுக்குப் போகிறது. அதைப் பிடித்து வைத்தால் என்ன என்று ஒரு விவசாயியே கேட்டார்.

அந்தப் பேச்சிலிருந்து யாத்தோ ஆற்றில் அணை கட்டும் கோரிக்கை பிறந்தது. 1962இல் அதற்காக டோல்ச்சி மறுபடி உண்ணாவிரதம் இருந்தார். அடுத்த ஆண்டு அணை வேலை தொடங்கியது. தண்ணீர் வயலுக்கு வந்தபோது கிணற்று முதலாளிகளின் பிடியும் தளர்ந்தது. 1970களில் பார்த்தினிக்கோ அருகே மிர்தோவில் குழந்தைகளுக்கென ஒரு கல்வி மையம் தொடங்கினார். அங்கேயும் அதே வட்டம், அதே கேள்விகள்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த மாதம் ஒரு நாள் பிள்ளைகளோடு வட்டமாக உட்காருங்கள். உங்கள் தெருவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பதில் தெரிந்தாலும் சொல்லிவிடாதீர்கள். அவர்களையே படமாக வரையச் சொல்லி, அதை எங்களுக்கு அனுப்புங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் சரி, அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்