அமிர்தம் கிடைக்காத சீரியல்

மக்களே, இன்னைக்கு ஒரு சின்ன ஒப்பாரி. பொறுத்துக்கோங்க.

'அஃப்சோஸ்' என்று ஒரு இந்தி சீரியல். வருத்தம் என்று அர்த்தமாம். 2020 பிப்ரவரியில் அமேசான் ப்ரைமில் வந்தது. மொத்தமே எட்டு எபிசோடு. கிளாஸில் கேட்டுப் பார்த்துவிட்டேன், ஒருத்தனும் பார்த்ததில்லை.

நகுல் ஒரு தோற்றுப்போன எழுத்தாளன். சாகவும் பலமுறை முயன்று அதிலும் தோற்றவன். கடைசியில், காசு கொடுத்தால் ஆளை முடித்துத் தருகிற ஒரு கம்பெனியில் போய்த் தன் பெயரையே கொடுக்கிறான். கொடுத்த பிறகு வாழ ஆசை வந்துவிடுகிறது! ஆனால் வேலையை எடுத்துக்கொண்ட உபாத்யாய் என்கிற கொலைகாரி பாதியில் விடுகிற ரகம் இல்லை. இன்னொரு பக்கம், சாகாவரம் தரும் அமிர்தத்துக்காக ஒரு அடிதடி. நகுலாக குல்ஷன் தேவையா, உபாத்யாயாக நஸ்ருதீன் ஷாவின் மகள் ஹீபா ஷா. அப்பா 1983-ல் 'ஜானே பி தோ யாரோ'வில் பிணத்தை இழுத்துக்கொண்டு அலைந்தார். மகள் இதில் பிணமாக்க அலைகிறார். குடும்பத் தொழில் போல :-)

திருநள்ளாற்றுக்காரனுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போனால்தான் அதிசயம். எங்கள் ஊர் சனீஸ்வரர் எமனுக்கு அண்ணன் தம்பி முறை. தரங்கம்பாடி தாண்டி வடக்கே போனால் திருக்கடையூர். அமிர்த கலசமே லிங்கமாகிப் போன இடம், மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்த இடம். எங்கள் தாத்தா அங்கேதான் அறுபதாம் கல்யாணம் செய்துகொண்டார். "எமன் இனி நம்ம பக்கம் வரமாட்டான்டா, உதை வாங்கினது ஞாபகம் இருக்கும்ல" என்பார்.

2020 ஜூலையில், சதாபிஷேகத்துக்கு இரண்டு வருஷம் பாக்கி இருக்கும்போது, தூக்கத்திலேயே போய்விட்டார். கொரோனா இல்லை, வயசுதான். ஆனாலும் இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது. தஞ்சாவூர் அத்தைக்கு இ-பாஸ் கிடைப்பதற்குள் எடுத்துவிட்டோம். பெத்த அப்பாவை போனில் வீடியோ காலில் பார்த்து அழுதார்.

சங்கு ஊதுகிறவர் மாஸ்க்கை இறக்கினார். ஓரமாக நின்ற ஒருத்தர், "மாஸ்க்கைப் போடுங்க" என்று ஒரு அதட்டல். "போட்டுகிட்டு எப்படிங்க ஊதறது?" என்றார் அவர். எல்லோரும் முழித்தோம். முதலில் சிரித்தது பாட்டி. அப்புறம் சித்தப்பா. அப்புறம் நாங்கள் எல்லாம். சிரித்து முடிப்பதற்குள் பாட்டி அழ ஆரம்பித்துவிட்டார், அதுவரை அழாமலே இருந்தவர்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல், சித்தப்பா போனில், போர்வைக்குள் ஆரம்பித்ததுதான் அஃப்சோஸ். தீட்டு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் உதை விழும். இந்தி தெரியாது, சப்டைட்டில்தான். விடிவதற்குள் எட்டையும் முடித்துவிட்டேன்.

"சாவை வச்சு என்னடா காமெடி" என்று நண்பன் ஒருவன் கேட்டான். அவன் காரைக்கால். பேய் உருவத்தைக் கேட்டு வாங்கி, சுடுகாட்டுப் பேய்களைப் பாட்டில் ஆடவிட்ட அம்மையார் பிறந்த ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வி! அந்தப் பாட்டி சிரித்ததை அவன் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டான்.

சரி, மேட்டருக்கு வருகிறேன். இரண்டாவது சீசன் வரவே இல்லை. பார்க்க ஆள் இல்லை, கணக்கு உதைத்திருக்கும், புரிகிறது. என் கோபம் வேறு. கதை சூடு பிடிக்கிற இடத்தில் விட்டுவிட்டுப் போனவர்கள், இனி இல்லை என்று எங்களுக்குச் சொல்லக்கூட இல்லை. எங்கள் ஊரில் யார் செத்தாலும் சாயங்காலத்துக்குள் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்துவிடும். இத்தனை பெரிய கம்பெனிக்கு ஒரு வரி எழுத முடியாதா?

அமெரிக்காவில் 'டெட் லைக் மீ' என்று ஒன்று. விண்வெளி நிலையத்திலிருந்து கழன்று விழுந்த கக்கூஸ் சீட்டில் அடிபட்டுச் செத்த பெண், உயிர் எடுக்கிற வேலையில் சேர்கிற கதை. 2003-ல் ஆரம்பித்து 2004-லேயே, 29 எபிசோடில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினோம் என்று சொல்லித்தான் நிறுத்தினார்கள். ரசிகர்கள் திட்டினார்கள், அழுதார்கள். 2009-ல் ஒரு படமாவது எடுத்து, காரியம் செய்வது மாதிரி ஒரு கணக்கை முடித்தார்கள். (படம் சுமார்தான். அது வேறு விஷயம்.)

நம் பக்கம் நேர் எதிர். 'கோலங்கள்' 2003-லிருந்து 2009 வரை 1500 எபிசோடுக்கு மேல் ஓடியது. அஃப்சோஸில் அமிர்தத்துக்கு அடித்துக்கொள்கிறவர்கள் இமயமலை வரை போயிருக்கவே வேண்டாம், நேராக சன் டிவி ஆபீஸுக்கு வந்திருக்கலாம். அதில் ஒரு சொட்டு, வேண்டாம், அரைச் சொட்டு இதற்குக் கிடைத்திருந்தால் இன்னும் எட்டு எபிசோடு வந்திருக்கும்.

டிஸ்கி: தாத்தாவின் முதல் வருஷத் திதிக்குத்தான் அத்தையால் வர முடிந்தது. மாமா ரயில்வே, நாக்பூரில் இருந்ததில் அத்தைக்கு இந்தி தெரியும். சாப்பாடெல்லாம் முடிந்து, அவரை உட்காரவைத்து எட்டையும் காட்டினேன். சங்கு கதையையும் அன்றைக்குத்தான் சொன்னேன். இப்போதும் போன் செய்தால் முதல் கேள்வி, "அடுத்த பார்ட் வந்துடுச்சாடா?"