ஈரத்துணிக்கு இடம் எங்கே?

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில், ஒரத்தநாட்டில் உள்ள முத்தம்பாள் சத்திரத்தைத் தேர் போலவே கட்டியிருக்கிறார்கள். அடித்தளத்தில் சக்கரங்கள், இழுத்துச் செல்லும் பாவனையில் குதிரைகளும் யானைகளும். இரண்டாம் சரபோஜி மன்னர் 1800களின் தொடக்கத்தில், தன் அன்புக்குரிய முத்தம்பாளின் நினைவாக எழுப்பியது. ராமேஸ்வரத்துக்கு நடந்தே போன காலத்தில், பகலெல்லாம் காலை நம்பியிருந்தவர்கள் இரவில் ஒரு தேருக்குள் படுத்துத் தூங்கினார்கள். யாத்திரிகர் தங்குமிடத்துக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் அமைவது அரிது.

அந்தத் தேருக்குப் பெருமை சேர்த்தது சிற்பம் மட்டும் இல்லை. சத்திரங்களைத் தன் பொறுப்பிலேயே விட்டுவைக்கும்படி கேட்டு, சரபோஜி 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்ட் பெஞ்சமின் டொரினுக்குக் கடிதம் எழுதினார். சத்திரங்களில் என்னென்ன நடக்கிறது என்பதை அதில் விவரமாகச் சொல்கிறார். நள்ளிரவில் மணி அடிப்பார்கள். அதுவரை சாப்பிடாதவர்கள் வந்து உண்ணலாம். நோயுற்றவருக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும் உண்டு. கைக்குழந்தைக்குப் பால். சத்திரத்திலேயே பிரசவமான பெண் மூன்று மாதம் வரை தங்கிக்கொள்ளலாம். தேர் என்ற அடையாளம் உண்மையானது இந்த ஏற்பாட்டால்தான்.

இன்று கோயில் நகரங்களில் எழும் விடுதிகளும் அடையாளத்தைத் தேடுகின்றன. முகப்பில் சிமென்ட் கோபுரம், வரவேற்பறையில் ஐம்பொன் நிறத்தில் ஒரு சிலை, உள்ளே போனால் எந்த ஊரிலும் கிடைக்கிற அதே அறை. ராமேஸ்வரத்தில் இது எவ்வளவு பொருந்தாது என்பது காலை நேரத்தில் தெரியும். கடலில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தண்ணீர் வாங்கிக்கொண்டு, சொட்டச் சொட்டத் திரும்புகிறது ஒரு குடும்பம். வாசலில் வழுக்கும் டைல்ஸ். பாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார். ஈரப் புடவையையும் வேட்டியையும் காயப்போட இடமில்லாமல் கட்டில் விளிம்பிலும் ஜன்னல் கம்பியிலும் தொங்கவிடுகிறார்கள். மாலை ரயிலுக்கு அதே ஈரம் பையில் ஏறுகிறது.

அந்த ஊரில் விடுதி கட்டுகிறவர் கோபுரத்தைப் பார்த்து வரைய வேண்டியதில்லை. ராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிரகாரம் இருக்கிறது. உயர்ந்த மேடைமேல் வரிசையாகத் தூண்கள், நடுவே நீண்ட நடை, கடுங்கோடையிலும் நிழல். கோபுரம் தெய்வத்தின் வாசல்; பிரகாரமோ மனிதர் நடக்கவும் அமரவும் ஒதுங்கவும் அமைந்தது. விடுதிக்கு அதை எடுத்துக்கொள்ளலாம்: தூண் வைத்த தாழ்வாரம், உட்கார வாகான திண்ணை, நடுவில் வெயில் விழும் முற்றம், குறுக்கே கொடிக்கம்பி. பக்தர் அதைப் பார்த்ததும் கோயிலை நினைப்பார். துணியும் காயும்.

அறநிலையத்துறையும் அறக்கட்டளைகளும் பக்தர்களுக்கு விடுதிகள் கட்டுகின்றன, நல்ல காரியம். ஆனால் எத்தனை அறை, எத்தனை கட்டில் என்ற கணக்கோடு திட்டம் நின்றுவிடக் கூடாது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் கூட்டமாக வருகிறார்கள், கூட்டமாகவே படுக்க விரும்புகிறார்கள். அவர்களுக்கு இரட்டைக் கட்டில் அறை எதற்கு? காற்றோட்டமான பெரிய கூடம் போதும். காவடியைச் சாய்த்துவைக்க ஓர் இடம், கொப்புளம் கண்ட காலைக் கழுவத் தாழ்வாக ஒரு குழாய், பெண்களுக்குத் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் கழிப்பறை. காவடிக்கான இடம் தவிர, வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களுக்கும் இவையே தேவை.

நகரத்தார் 1863இல் காசியில் தொடங்கிய சத்திரம் இன்றும் இயங்குகிறது. விஸ்வநாதர் கோயில் பூஜைக்கு அங்கிருந்து நாள்தோறும் பொருட்கள் போகின்றன. கட்டிடத்தோடு சேர்த்து, அதை நடத்தவும் ஏற்பாடு செய்துவைத்தவர்கள் அவர்கள். புதிய விடுதிகளின் மதிப்பீட்டிலும் பராமரிப்புக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் ஆண்டுதோறும் பணம் எங்கிருந்து வரும் என்று ஒரு பத்தி இருக்க வேண்டும். அது இல்லாத வரைபடத்துக்கு ஒப்புதல் தரக் கூடாது.