ஒன்றரை மணி நேரம் எங்கே போனது?

மகன் முதன்முறையாக துபாய்க்கு வேலைக்குப் போகிறார். சென்னையில் காலை 9.45-க்குப் புறப்பாடு, துபாயில் பகல் 12.30-க்கு வருகை என்கிறது டிக்கெட். 'மூணு மணி நேரம்கூட இல்லையே, ஒரு மணிக்கெல்லாம் போன் வந்துடும்' என்று பழவேற்காட்டில் குடும்பம் காத்திருக்கும். இரண்டரை மணிக்கும் 'ஸ்விட்ச் ஆஃப்' என்றே வந்தால் மனசு பதறத்தானே செய்யும்?

பதற வேண்டாம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். துபாய் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அங்கே 12.30 என்றால் இங்கே 2 மணி. இப்போது கழித்துப் பாருங்கள், பயணம் நாலேகால் மணி நேரம். இறங்கியபின் குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது, வைஃபை கிடைப்பது எல்லாம் இருக்கிறது. நம்மூர் நேரம் மூன்றரைக்கு மேல் போனை எதிர்பார்க்கலாம்.

கடலுக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுவிடலாம். படகில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவி காட்டும் கடல் மைலும் 'நாட்' வேகமும்தான் விமானிக்கும் அளவுகோல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. மணிக்கு ஒரு கடல் மைல் போனால் ஒரு நாட்.

சென்னை-துபாய் வான்வழித் தூரம் சுமார் 2,930 கி.மீ., அதாவது ஏறக்குறைய 1,580 கடல் மைல். சராசரியாக 450 நாட் வேகம் என்று வைத்து வகுத்தால் மூன்றரை மணி நேரம். ஓடுதளத்தில் ஊர்வது, ஏறுவது, இறங்குவது, கொஞ்சம் சுற்றிப் போவது என முக்கால் மணி சேருங்கள். நாலேகால் வந்துவிட்டதா?

வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் தூரம் சரியாக வராது. பூமி உருண்டை அல்லவா? குளோப்பில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே தூண்டில் நூலை இழுத்துப் பிடியுங்கள், அதுதான் குறுக்கு வழி.

காற்றும் கணக்கில் உண்டு. குளிர்காலத்தில் அந்த உயரத்தில் மேற்கிலிருந்து பலத்த காற்று அடிக்கும். போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று. அதனால் ஊர் திரும்பும் பயணம் கொஞ்சம் சீக்கிரம் முடியும். ஆனால் டிக்கெட்டில் ஒன்றரை மணி கூடுதலாகத் தெரியும்!

தரைக்கணக்கையும் விட்டுவிடாதீர்கள். பழவேற்காடு சென்னைக்கு வடக்கே, விமான நிலையமோ நகரின் தெற்கே மீனம்பாக்கத்தில். பொன்னேரி தாண்டி, நகர நெரிசலைக் கடக்க மூன்று மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே அங்கே இருக்க வேண்டும்.

முக்கியமாக, 15-ம் தேதி 00.45 என்று டிக்கெட்டில் இருந்தால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14-ம் தேதி மாலையே. 15-ம் தேதி ராத்திரி போய் நின்றால், விமானம் முந்தின நள்ளிரவே பறந்திருக்கும்.