லொறி குடிக்கும் ஒயிலும் நாம் சொன்ன பழியும்

லொறிக்கு எஞ்சின் ஒயில் குறைவது இயல்பா, இல்லையா? எமது விவசாயிகள் சங்கக் கூட்டங்களில் விதை, பசளை, நீர்ப்பங்கீடு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அதிக வாக்குவாதத்தை உண்டாக்கிய கேள்வி இதுதான். "நல்ல எஞ்சின் என்றால் ஒரு சொட்டும் குறையாது" என்பர் ஒரு சாரார். "பழைய லொறி குடிக்கத்தான் செய்யும், ஊத்தி ஊத்தி ஓடுங்கோ" என்பர் மறு சாரார். இரண்டுமே பிழை. இதை நாம் காசு செலவழித்து மட்டுமல்ல, ஒரு மனிதரின் மனத்தை நோகடித்தும் கற்றுக்கொண்டோம்.

மீள்குடியேறிய பின்னர் பல குடும்பங்கள் சேர்ந்து பழைய லொறி ஒன்றை வாங்கினோம். வெங்காயமும் மிளகாயும் பூசணியும் தம்புள்ளைச் சந்தைக்கு அதில்தான் போயின. மாதம் ஏறக்குறைய 1200 கிலோமீற்றர் ஓட்டம். முதலில் மாதம் ஒரு லீற்றர் ஒயில் ஊற்றினோம். பின்னர் இரண்டு, பின்னர் நான்கு. எவரும் இதை எழுதி வைக்கவில்லை. பற்றுச்சீட்டுகளைக் கண்ட சிலர், சாரதி ஒயிலை விற்கிறார் என்று பேசத் தொடங்கினர். அவரும் எம்மைப் போல இடம்பெயர்ந்து வந்தவர்தான். விசாரணை ஏதுமின்றியே அவர் திறப்பைத் தந்துவிட்டுப் போனார். புதிய சாரதி வந்தார். அடுத்த மாதமும் அதே நான்கு லீற்றர்.

கராஜில் திறந்து பார்த்தபோதே காரணம் தெரிந்தது. எயர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் இறப்பர்க் குழாய் வெடித்திருந்தது. வன்னிச் செம்மண் புழுதி அதனூடாக உள்ளே போய்ப் பிஸ்டன் றிங்குகளையும் சிலிண்டர்களையும் தேய்த்துவிட்டது. குழாயின் விலை சொற்பம். எஞ்சின் வேலைக்கோ ஒரு போகத்தின் சேமிப்பே போதவில்லை.

எவ்வளவு குறைந்தால் இயல்பு? பிஸ்டன் ஏறி இறங்கும்போது சிலிண்டர் சுவரில் மெல்லிய ஒயில் படை ஒன்று இருந்தே ஆக வேண்டும். அதில் சிறு பங்கு எரிந்து போகும். ஆகவே புதிய எஞ்சினும் கொஞ்சம் குடிக்கும். லொறிகளுக்கு இதை டீசலோடு ஒப்பிட்டு அளப்பதே சிறந்த வழி. எரிந்த டீசலில் நூற்றுக்கு அரைப் பங்குவரை ஒயில் குறைந்தால் பயப்பட வேண்டியதில்லை. அரைக்கும் ஒன்றுக்கும் இடையில் என்றால் கவனமாக இருக்க வேண்டும். ஒன்றைத் தாண்டினால் கராஜுக்குப் போக வேண்டும்.

லீற்றருக்கு 5 கிலோமீற்றர் ஓடும் லொறி 1000 கிலோமீற்றருக்கு 200 லீற்றர் டீசல் எரிக்கும். அதற்கு ஒரு லீற்றர் ஒயில் குறைவது பொறுக்கத்தக்கது. இரண்டு லீற்றர் எல்லை. எமது லொறி 1200 கிலோமீற்றருக்கு 240 லீற்றர் டீசலும் 4 லீற்றர் ஒயிலும் எடுத்தது. அதாவது நூற்றுக்கு ஒன்றரைக்கும் மேல். இந்தச் சிறு கணக்கைச் செய்யத் தவறிய நாம்தான் ஒரு மனிதரைக் கள்வர் என்றோம்.

எங்கே போகிறது என்பதையும் லொறியே காட்டித் தரும். பாரம் இழுக்கும்போது நீலப்புகை வந்தால் பெரும்பாலும் றிங் தேய்வு. சரிவில் இறங்கிய பின் மிதிக்கும்போது மட்டும் நீலப்புகை வந்தால் வால்வுப் பக்கம் பார்க்க வேண்டும். எயர் பிறேக் உள்ள லொறியில் காற்றுத் தாங்கியைத் திறந்துவிடும்போது ஒயில் வந்தால் கொம்பிரசர் தேய்ந்திருக்கிறது. இரவில் எஞ்சினுக்குக் கீழே ஒரு கடதாசி மட்டையை விரித்து வைத்தால் ஒழுக்கு இருக்கிறதா என்பது காலையில் தெரிந்துவிடும்.

மட்டம் குறையாதிருப்பதும் எப்போதும் நல்ல செய்தியல்ல. 1990 இன் பின்னர் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் எஞ்சின்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் இதை அறிவர். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஒயிலுடன் கலந்தது. கம்பியில் மட்டம் அப்படியே நின்றது, ஆனால் ஒயில் தண்ணீர் போலாகி எஞ்சின் தேய்ந்தது. இன்றும் நொசில் பழுதான டீசல் எஞ்சினில் இது நடக்கலாம். கம்பியில் மட்டம் ஏறினால், அல்லது டீசல் மணம் வந்தால், அதை ஓட்டவே கூடாது.

ஆகவே எமது கருத்து இதுதான். லொறியோ உழவு இயந்திரமோ நீர்ப்பம்போ, பலர் சேர்ந்து வைத்திருக்கும் எந்த எஞ்சினுக்கும் ஒரு கொப்பி வேண்டும். காலையில், சமதரையில், எஞ்சினை இயக்குமுன் கம்பியைத் துடைத்துப் பார்க்க வேண்டும். திகதி, ஓடிய தூரம், அடித்த டீசல், ஊற்றிய ஒயில் ஆகிய நான்கையும் எழுத வேண்டும். சாரதியும் சங்கப் பொருளாளரும் ஒப்பமிட வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றவும் கூடாது. கூடிய ஒயிலை எஞ்சின் அடித்து நுரையாக்கி வெளியே தள்ளிவிடும். மாதக் கூட்டத்தில் அந்தக் கொப்பியை வாசிப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். ஒயில் கூடிவருவது தெரிந்தால் அறுவடைக்கு முன்னரே திருத்த வேலைக்குப் பணம் ஒதுக்கலாம். சந்தைக்குப் போகும் வழியில் பூசணியோடு லொறி நிற்கும் நிலை வராது.

"எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அல்லவா கொப்பி வைப்பார்கள்?" என்று சிலர் கேட்கலாம். எழுதத் தெரியாத சாரதி ஊற்றிய ஒவ்வொரு லீற்றருக்கும் ஒரு கோடு போடலாம். அதுவும் கணக்குத்தான். கணக்குக் கேட்பது சாரதியை நம்பாத செயல் என்றும் சிலர் சொல்வர். எமது அனுபவம் மாறானது. கணக்கு இல்லாத இடத்தில்தான் சந்தேகம் வளர்ந்தது. கணக்கு இருந்திருந்தால் எமது சாரதிக்கு அதுவே சாட்சியாக நின்றிருக்கும்.

பொய்ச்சான்று பற்றிய கட்டளையைச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். ஆனாலும் ஒரு குழாயின் வெடிப்பைப் பார்க்க மறந்து, மனிதர்மேல் விரல் நீட்டினோம். வீடும் காணியும் இழந்த மக்களுக்கு மிஞ்சியிருந்தது ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை. அதையும் நாமே உடைக்கலாகாது. அவருடைய வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். தேநீர் தந்தார், லொறிக்குத் திரும்பி வரச் சம்மதிக்கவில்லை. அவரைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. இப்போது கொப்பி லொறியின் முன்பெட்டிக்குள் இருக்கிறது. உங்கள் சங்கத்தில் அது இன்னும் இல்லையென்றால் வரும் கூட்டத்திலேயே ஒன்று வாங்குங்கள்.