பூவும் செடியும் விற்கும் சிறு கடை

நம் மாநிலத்தில் பூவின்றி நடைபெறும் காரியம் ஒன்றேனும் இல்லை. குழந்தையைத் தொட்டிலில் இடும் நாள் தொடங்கி, இறந்தோரை மயானத்திற்கு எடுத்துச் செல்லும் நாள் வரையில் பூ வேண்டியிருக்கிறது. இத்துணைத் தேவையுள்ள பண்டத்தை விற்பது எளிய பிழைப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று அநேகர் எண்ணுகின்றனர். படித்து முடித்த வாலிபர்களும், சிறு நிலமுடைய குடியானவர்களும், குடும்பத்தைக் கவனித்துக்கொண்டே ஏதேனும் சம்பாதிக்க விரும்பும் பெண்மணிகளும், பூக்கடையோ செடிக்கடையோ வைக்கலாமா என்று நம்மிடம் யோசனை கேட்பது வர வர மிகுதியாகி வருகின்றது. அவர்களுக்கு நாம் அளிக்கும் விடை இதுவே: வைக்கலாம், ஆயினும் பெரும்பாலோர் வைக்கும் முறையில் வைத்தலாகாது. அதன் காரணங்களை இங்கே விளக்க முற்படுகிறோம்.

பூ மட்டும் விற்பதன் தொல்லை

பூவைப் போல் விரைவில் மதிப்பிழக்கும் சரக்கு வேறொன்றில்லை. குண்டுமல்லியை விடியுமுன் மொட்டாகப் பறிக்க வேண்டும். மாலையில் அது மலர்ந்துவிடும். மறுநாள் அதனை வாங்குவார் இல்லை. நெல் வியாபாரி விலை குறைந்தால் மூட்டையைப் பூட்டி வைக்கிறான். பூ வியாபாரி பூட்டி வைப்பதற்கு ஒன்றுமில்லை.

ஓர் உதாரணம் கூறுவோம். ஒருவர் 1 கிலோ 400 ரூபாய் வீதம் 5 கிலோ மல்லிகை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் 2,000 ரூபாய். அதில் 1 கிலோ விற்காமல் வாடிப்போகிறது. மீதமுள்ள 4 கிலோவே அந்த 2,000 ரூபாயையும் சுமக்க வேண்டும். ஆகவே கிலோ ஒன்றின் அடக்கவிலை 500 ரூபாய் ஆகிவிடுகிறது. சரக்கில் ஐந்தில் ஒரு பங்கு வீணாயிற்று. அடக்கவிலையோ நாலில் ஒரு பங்கு ஏறிவிட்டது. கட்டுக்கூலியும், வாழை நாரும், கடை வாடகையும் இதற்கு மேல். இக்கணக்கைப் போடாமல், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தையே லாபமென்று மகிழ்ந்திருந்து, ஆறு மாதத்தில் கடையை மூடியவர்கள் பலர்.

அன்றியும், பூவின் விலை நிலையற்றது. பங்குனி முதல் ஆனி வரையில் மல்லிகை மிகுதியாகப் பூக்கிறது. அக்காலத்தில் விலை இறங்கிவிடும். மார்கழி, தை மாதங்களில் பனியினால் விளைச்சல் சுருங்குகிறது. பொங்கலும் தை முகூர்த்தங்களும் அப்பொழுதே வருகின்றன. விலை பன்மடங்கு உயர்கிறது. ஆடியில் விவாகங்கள் இல்லை, ஆவணியில் உண்டு. தோவாளைச் சந்தையிலிருந்து ஓணத்தின்போது கேரளத்திற்குப் பூ ஏராளமாகச் செல்வதால் அவ்வாரத்து விலை வேறு. இத்தனை ஏற்ற இறக்கங்களையும் சிறு முதலுடைய ஒருவர் பூவை மாத்திரம் நம்பித் தாங்குதல் அரிது.

செடியைச் சேர்ப்பதன் அனுகூலம்

செடியின் இயல்பு இதற்கு நேர்மாறானது. பூ நேரத்திற்கு நேரம் விலை குறையும் பொருள். செடியோ மாதத்திற்கு மாதம் விலை கூடும் பொருள். இன்று விற்காத நந்தியாவட்டைக் கன்று அடுத்த மாதம் மேலும் ஒரு கிளை விட்டு நிற்கும். அதற்கு வேண்டியவை நீரும் நிழலும் கவனிப்புமே.

பருவமும் இவ்விரண்டிற்கும் இசைவாக அமைந்திருக்கிறது. கோடையில் பூ மிகுதி. செடி வாங்குவோர் குறைவு. வாங்கினாலும் வெயிலில் கருகும். புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரையில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், கன்று நடுவோர் மிகுதி. பூ வரத்தோ குறையத் தொடங்குகிறது. ஆதலின் இவ்விரு தொழில்களும் ஒரே கூரையின் கீழ் நடைபெறுமானால் ஒன்று தளரும்போது மற்றொன்று தாங்கும். நாள்தோறும் கைக்கு வரும் சில்லறையைப் பூ தருகிறது. ஆண்டு முடிவில் மிஞ்சும் பணத்தைச் செடி தருகிறது. தனித்து நிற்கும் சிறு கடைக்கு இந்தச் சேர்க்கையே உயிர்நிலை என்பது எமது கருத்து.

இடமும் நீரும் சரக்கும்

கடைவீதியின் நடுவே மிகுந்த வாடகைக்கு இடம் பிடித்தல் வேண்டுவதில்லை. ஊரின் ஓரத்தில், பேருந்து செல்லும் சாலையின் அருகில், 5 முதல் 10 செண்டு நிலமும் வற்றாத கிணறும் இருந்தால் போதும். முதலில் ஆராய வேண்டியது நீர். உப்பு நீரில் கன்றுகள் நுனி கருகி மெல்ல மெல்ல மடியும். குற்றத்தை மண்ணின்மீதும் உரத்தின்மீதும் சுமத்தி ஓராண்டைக் கழித்தபின்னரே உண்மை விளங்கும். ஆகவே, இடத்தைப் பேசி முடிக்குமுன் நீரை மண் பரிசோதனை நிலையத்தில் காட்டி அறிந்துகொள்வது அவசியம்.

செம்மண், மணல், மக்கிய தொழு உரம் இம்மூன்றையும் சம பாகமாகக் கலந்த கலவை பெரும்பாலான கன்றுகளுக்குப் போதுமானது. தென்னை நார்க்கழிவைச் சேர்ப்பதாயின், நன்கு மக்கச் செய்தோ, பலமுறை நீரில் அலசி உப்பை நீக்கியோ சேர்த்தல் வேண்டும். கடன் வாங்கிப் பெரிய பசுமைக்குடில் எழுப்புதல் தொடக்கத்திலேயே கூடாது. மூங்கிலும் நிழல் வலையும் கொண்டு அமைத்த பந்தலே முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் தகுதியானது.

சரக்கு விஷயத்தில் புதியவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. உதகையிலும் ஓசூரிலும் கண்ட அழகிய செடிகளைச் சமவெளிக்குக் கொண்டுவந்து அடுக்குகின்றனர். குளிர்ந்த மலைக் காற்றில் கொத்துக் கொத்தாய்ப் பூத்த செடி, மதுரை வெயிலில் ஒரு சித்திரையைக் காண்பதில்லை. வாங்கிய இல்லத்தரசி தமது கைராசியின் குறையென்று எண்ணி வருந்துகிறார். மறுபடியும் அக்கடைக்கு வருவதில்லை. மல்லிகை, முல்லை, பிச்சி, கனகாம்பரம், சம்பங்கி, செம்பருத்தி, இட்லிப்பூ, பவளமல்லி, துளசி, மரிக்கொழுந்து, கறிவேப்பிலை, எலுமிச்சை, முருங்கை ஆகிய இவையே நம் வீடுகளில் வாழ்கின்றன. ஒரு செடி வீட்டில் பிழைத்தால் அதுவே பத்துச் செடிகளை விற்றுத் தரும்.

பெயரில் உண்மை

இனி, யாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம் இது. பூவில் மோசம் செய்தால் வாங்கியவருக்கு ஒரு நாள் நஷ்டம். கன்றில் மோசம் செய்தால் அவரது ஆயுளில் ஐந்து ஆண்டுகள் நஷ்டம்.

இதை எழுதுபவனது தோட்டத்திலேயே இது நிகழ்ந்தது. இமாம்பசந்து என்று சொல்லி விற்கப்பட்ட 12 மா ஒட்டுகளை வாங்கி நட்டு, கோடைதோறும் குடத்தில் நீர் சுமந்து ஊற்றி, ஆட்டுக்கும் கரையானுக்கும் காவல் காத்து வளர்த்தோம். ஐந்தாம் ஆண்டு காய்த்தபோது நான்கு மரங்கள் மாத்திரமே சொன்ன ஜாதி. எஞ்சிய எட்டும் கிளிமூக்கு. விற்றவரைத் தேடிச் சென்றால் கடை அவ்விடத்தில் இல்லை; கையில் ரசீதும் இல்லை. கிளிமூக்கு கெட்ட ஜாதியன்று. எனினும் வேண்டியது அதுவன்று. மரத்தை வெட்டவும் மனம் வரவில்லை. வைத்திருக்கவும் மனம் ஒப்பவில்லை. பணத்தைத் திரும்பப் பெற்றிருந்தாலும் அந்த ஐந்து ஆண்டுகளை யார் திருப்பித் தர இயலும்?

இத்தகைய தீங்கைத் தடுக்கவே சட்டம் இருக்கின்றது. 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டத்தில் விதை என்னும் சொல் நாற்று, கிழங்கு, ஒட்டு முதலியவற்றையும் குறிக்கும். 1983ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி இவற்றை விற்போர் உரிமம் பெறுதல் வேண்டும். இருப்பையும் விலையையும் எழுதித் தொங்கவிடுதல் வேண்டும். வாங்குவோருக்கு ரசீது அளித்தல் வேண்டும். சிறு கடைக்காரர் பலர் இதனை ஒரு சுமையாகவே கருதுகின்றனர். எமது கருத்தில், இது சிறு கடைக்காரருக்கு வாய்த்த பெரும் ஆயுதம். சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி விற்றுவிட்டு மறுநாள் வேறு ஊருக்குச் செல்பவர் தர இயலாதது ஒன்று உண்டெனில், அது ஜாதிப் பெயரும் தேதியும் எழுதிய ரசீதுதான். எந்தத் தாய்மரத்திலிருந்து கொம்பு எடுத்தது, எந்நாளில் ஒட்டுக்கட்டியது என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பதற்கு நாளொன்றுக்குக் கால் மணி நேரம் செல்லுமா?

ரோஜாவிலும் இவ்வாறே. ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிரைக் கிள்ளாவிடில், அடிச்செடி ஓங்கி மேற்செடி மடியும். இந்த ஒரு வார்த்தையை விற்கும்போதே சொல்லிவிட்டால் வாங்கியவர் ஏமாற்றமடையார். அரளியின் எல்லாப் பாகங்களும் நச்சுடையவை. கால்நடையும் சிறு குழந்தையும் உள்ள வீட்டிற்கு அதை விற்கும்போது எச்சரித்தல் கடமை. மதுரை மல்லி என்னும் பெயருக்கு 2013இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டிருக்கிறது. வேற்றிடத்து மல்லிகையை அப்பெயரால் விற்பது, அம்மண்ணின் குடியானவனது உழைப்பை அபகரிப்பதாகும்.

நோயையும் விற்கலாகாது

செடியோடு பூச்சியும் பிரயாணம் செய்கிறது. பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் காணப்பட்டது. சில பருவங்களுக்குள் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று பரவிப் பெருஞ்சேதம் விளைத்தது. 2010இல் அதனை அழிக்கும் சிறு குளவி வெளிநாட்டிலிருந்து தருவித்து விடப்பட்ட பிறகே அது அடங்கிற்று. ஒரு செம்பருத்திக் கன்றின் இலையடியில் வெண்மாவு போல் ஒட்டியிருப்பதை அலட்சியமாக விற்பவர், வாங்கியவரின் அண்டை வீட்டுத் தோட்டத்திற்கும் தீங்கு செய்கிறார். வெளியிலிருந்து வரும் கன்றுகளை இரண்டு வாரமேனும் தனியே ஒதுக்கி வைத்துப் பார்த்தபின் பிறவற்றோடு சேர்ப்பது நன்று. ஐயமுள்ளதை எரித்துவிடுவதே சிக்கனம்.

இரண்டு ஆட்சேபங்கள்

பெரிய கம்பெனிகள் தபாலிலும் தொலைபேசி வழியாகவும் கன்று அனுப்பும் இக்காலத்தில் சிறு கடை எவ்வாறு நிலைக்கும் என்று சிலர் வினவுவர். அவர்கள் செடியைத்தான் அனுப்ப இயலும்; அவ்வூர் மண் களியா மணலா என்பதையும், அத்தெருவின் நீர் உப்பா நன்னீரா என்பதையும் அறியார். அதை அறிந்தவர் உள்ளூர்க் கடைக்காரர். அவரது அறிவே அவரது முதல், பணம் இரண்டாவதே.

மற்றோர் ஆட்சேபம் இன்னும் கனமானது. கோயில் வாசலிலும் சந்தை ஓரத்திலும் கூடையுடன் அமர்ந்து முழம் போட்டு விற்கும் பெண்களின் பிழைப்பை இக்கடைகள் கெடுத்துவிடாவா? கெடுக்கவும் கூடும். அவர்களுக்கு எதிரே கடை விரித்து, விலையை ஓரிரு ரூபாய் குறைத்து அவர்களை விரட்டுபவர் தொழில் செய்தவர் ஆகார். பூத்தொடுக்கும் அவர்களது விரலின் வேகத்தைப் புதிதாய்க் கடை வைப்பவர் பத்து வருஷத்தில் பெற முடியாது. ஆதலின், நல்ல கூலிக்குத் தொடுக்கும் வேலையை அவர்களிடமே அளித்து, அக்கம்பக்கத்துக் குடியானவர்களிடம் நேரே வாங்கிய பூவில் ஒரு பங்கை அவர்களுக்கும் நியாய விலைக்குக் கொடுத்து வருவதே முறை. குடியானவனுக்கும் இதில் நன்மை உண்டு. தரகு கழிந்து, அன்றைய ஏலத்தில் விழுந்த விலையையே பெறுகிறவனுக்கு, ஆண்டு முழுவதும் ஒரே விதமாக நாளொன்றுக்கு 3 கிலோ எடுத்துக்கொள்ளும் கடை ஒன்று ஊரிலேயே இருப்பது பெரும் ஆறுதல். மிகுந்த விலை வரும் தையில் அவன் சற்று விட்டுக்கொடுக்க, விலை விழும் வைகாசியில் கடைக்காரர் சற்று விட்டுக்கொடுக்க, இருவரும் பிழைப்பர்.

இலாகா செய்ய வேண்டுவது

கடைக்காரரை மாத்திரம் உபதேசித்து நிறுத்துவது நேர்மையாகாது. நிச்சயமான தாய்மரங்களிலிருந்து எடுத்த ஒட்டுக்கொம்புகள் சிறு கடைக்காரர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. அதனாலேயே பலர் கண்ட இடத்தில் வெட்டுகின்றனர். அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகள் கன்றுகளை விற்பதோடு நில்லாமல், ஒட்டுக்கொம்புகளையும் பதியன்களையும் குறித்த நாட்களில் சிறிய அளவில் உரிமம் பெற்றோருக்கு வழங்குமாயின், ஊருக்கு ஊர் நம்பத்தக்க கன்று கிடைக்கும். உரிமம் பெறும் முறையும், ஒரு நாள் கூலியை இழந்து அலையாமல் முடியும்படி எளிதாக்கப்பட வேண்டும். ஒட்டுக்கட்டும் பயிற்சியைக் கிராமப் பெண்களுக்கும் அளித்தல் வேண்டும். பூத்தொடுத்துப் பழகிய கைக்கு ஒட்டுக்கட்டும் நுட்பம் விரைவில் வசப்படும் என்பதில் ஐயமில்லை.

பெருமுதல் இல்லாதவர், கையில் உள்ளதைக் கொண்டு, 200 கன்றுகளோடும் ஒரு கூடைப் பூவோடும் தொடங்கட்டும். முதலாண்டு மிஞ்சும் பணம் சொற்பமாகவே இருக்கும். ஐந்தாம் ஆண்டில், தாம் விற்ற மா ஒட்டு காய்த்ததென்று ஒரு குடியானவர் தமது மரத்துப் பழத்தில் நான்கைக் கடைக்குக் கொண்டுவந்து வைப்பாராயின், அக்கடை அவ்வூரில் நிலைபெற்றுவிட்டது என்று கொள்ளலாம்.