நர்சம்மாவுக்கு கம்ப்யூட்டர் உதவியா, சுமையா?

பாப்பாரப்பட்டி:
"நர்சம்மா, என் பணம் எப்போ வரும்?" கிராமத்து கர்ப்பிணிகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பதில் இருப்பது கம்ப்யூட்டரில்.

கர்ப்பிணிகளின் விவரத்தைப் பதிவு செய்ய தமிழகத்தில் 2008-ல் வந்தது 'பிக்மி'. இதில் பதிந்தால் 12 இலக்க ஆர்.சி.எச். எண் கிடைக்கும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி ரூ.18 ஆயிரத்துக்கு இந்த எண் வேணும். 2017 முதல் பிறப்புச் சான்றிதழுக்கும் இதைக் கேட்கிறார்கள்.

நல்ல விஷயம்தான். ரத்தசோகை, ரத்த அழுத்தம் உள்ள தாய் யார் என்று முன்கூட்டியே தெரியும். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனாலும் எண் மாறாது. கட்டிட வேலைக்கு பெங்களூரு போகும் குடும்பங்கள் அதிகம் உள்ள தர்மபுரி மாவட்டத்துக்கு இது ரொம்ப முக்கியம்.

சிக்கல் எங்கே? 5 ஆயிரம் பேருக்கு, மலைப்பகுதியில் 3 ஆயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. வீடு வீடாகப் போவது, தடுப்பூசி போடுவது, பதிவேடு எழுதுவது எல்லாம் கிராம சுகாதார நர்ஸ் வேலை. அதையே மறுபடி கம்ப்யூட்டரிலும் ஏற்றணும். சிக்னல் இல்லாவிட்டால் அந்த வேலை ராத்திரிக்குத் தள்ளிப்போகும். பதிவு தாமதமானால் பணமும் தாமதம். திட்டு வாங்குவது நர்சம்மா!

நோட்டு, கம்ப்யூட்டர் இரண்டில் ஒன்று போதும். பதிவு செய்ய தனி ஆள் போட்டால், நர்சம்மா தாயைப் பார்க்க நேரம் கிடைக்கும்.

கர்ப்பிணிகளே, 12 வாரத்துக்குள் பதிந்து, எண்ணை பத்திரமா வச்சுக்கோங்க.