இலவசமாகக் கொடுத்த சரக்குக்கு விலை கேட்கலாமா?

கைத்தொலைபேசியில் பத்திரிகை படிக்க நம்மவர்கள் காசு கொடுப்பார்களா என்று வர்த்தக நண்பர்கள் கேட்கிறார்கள். கொடுப்பார்கள் என்பதே என் பதில். ஆனால் எல்லாச் செய்திக்கும் கொடுக்க மாட்டார்கள்.

2022 மார்ச்சில் காகிதத் தட்டுப்பாட்டினால் 'தி ஐலண்ட்', 'திவயின' ஆகியவற்றின் சனிக்கிழமை அச்சுப் பதிப்புகள் நிறுத்தப்பட்டன. டொலர் கொடுத்து இறக்கும் காகிதத்தை நம்பியிருக்கும் தொழில் இணையச் சந்தாவை நாடுவது இயல்பே. 'நியூயோர்க் டைம்ஸ்' 2011இல் இணையத்தில் சந்தா கேட்கத் தொடங்கியது. 2024 முடிவில் அதன் டிஜிட்டல் சந்தாதாரர்கள் 1 கோடியைத் தாண்டியிருந்தனர். ஆனால் அது உலகச் சந்தை. நமதோ சின்னச் சந்தை. அமைச்சரின் பேச்சும் கிரிக்கெட் முடிவும் எங்கும் இலவசமாகக் கிடைக்கையில், அவற்றுக்கு விலை கேட்பவரிடம் யாரும் வாங்க மாட்டார்கள்.

அப்படியானால் எது விலைபோகும்? கீரிமலையைப் பாருங்கள். 1990இல் இடம்பெயர்ந்த அப்பகுதி மக்கள் பலர் இன்று வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருக்கிறார்கள். கீரிமலை அடங்கும் வலிகாமம் வடக்கில் 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்க அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. 2025 மார்ச்சில் வந்த வர்த்தமானியோ, வடக்கில் 5,940 ஏக்கருக்கு 3 மாதத்துக்குள் உரிமை கோர வேண்டும் என்றது. பலத்த எதிர்ப்பின் பின்னரே அரசு அதனை மீளப் பெற்றது. கனடாவிலோ பாரிசிலோ இருக்கும் காணிச் சொந்தக்காரருக்கு அந்தச் செய்தியின் பெறுமதி என்ன? 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வாழும் நம் சகோதரர்களுக்கும் இதே நிலைதான்.

வர்த்தமானியைப் படித்து, பிரதேச செயலகத்துக்குப் போய், எந்தக் காணி, எந்தத் திகதி என்று விசாரித்து எழுத ஒரு நிருபர் வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும். சந்தா அதற்குத்தான். கொடுக்க ஆளில்லாவிட்டால் தேடி எழுதவும் ஆளிருக்காது. தவணை முடிந்த பின்னர்தான் காணிக்காரருக்குத் தகவல் தெரியவரும்.

பத்திரிகை நடத்துவோருக்கு ஒரு வார்த்தை. நம் வாசகர் பலரிடம் கடன் அட்டை இல்லை. ஷாம்பூவைப் போத்தலில் வாங்காதவர் சின்னப் பக்கெட்டில் வாங்குகிறார். அதுபோல, கடையில் ரீலோட் போடுவது மாதிரி ஒரு கிழமைக்குச் சிறு தொகை கட்ட வழி செய்யுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் வருடச் சந்தா கட்டட்டும். வெள்ள எச்சரிக்கை, ஜனாஸா அறிவித்தல் போன்றவை எல்லோருக்கும் இலவசமாகவே இருக்கட்டும்.

வர்த்தகர்களே, சரக்கு நல்லதென்றால் நாம் பேரம் பேசியாவது வாங்குவோம். வேறெங்கும் கிடைக்காத செய்தியைக் கொண்டு வருபவரிடமும் அப்படியே நடந்துகொள்வோம்.